கைமாறிய கடையும் ஆறாம் மாடிக் கயிறும்

கூடை நேராக வந்து அந்தப் பெண்ணின் தலைமேல் உட்கார்ந்தது.

சாதாரணப் பிளாஸ்டிக் கூடைதான். உள்ளே ஒரு காலி எண்ணெய் போத்தலும் நான்காக மடித்த சீட்டும் மட்டும். ஆனால் ஆறாம் மாடியிலிருந்து இறங்குகிற கூடைக்கு ஒரு வேகம் இருக்கிறது அல்லவா? அதோடு கட்டியிருந்த மணி வேறு காதோரம் கணீரென்று அடிக்க, அளவு நாடாவும் கையுமாக நின்றவள் "அமலே!" என்று பர்மிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டு அலறிக்கொண்டு நடைபாதையிலேயே குந்திவிட்டாள்.

நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் என் தம்பி செல்வா. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேயறைந்தவன் மாதிரி நின்றான். காரணம் இல்லாமல் இல்லை. குந்தியிருந்தவள் எங்கள் கடையை வாங்க வந்த பெரிய கம்பெனியின் அதிகாரி. பெயர் மா தூஸா. முப்பத்தைந்து வயது இருக்கும். கன்னத்தில் சந்தனம் போல மெல்லிய தனகா மரப்பட்டைப் பூச்சு, கழுத்தில் கம்பெனி அட்டை.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. "ரஹீமா! எண்ணெய் பழைய மார்க்கே ஊத்து! போன தடவை ஊத்துனது கசக்குது!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

"அக்கா, நீ கொஞ்சம் உள்ளே போறியா?" என்று தம்பி பல்லைக் கடித்தான். அறுபதைத் தொடப் போகிறவளை உள்ளே போகச் சொல்கிறான், துணிச்சலைப் பாருங்கள்! நான் அசையவில்லை.

இரண்டு வாரமாக இந்தப் பத்தியில் இங்கிலாந்துக் குளிரை எழுதி எழுதித் தன்னையும் நடுங்கவைத்துவிட்டேன் என்று ஒரு வாசகி கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறார். நியாயம்தான். இந்த வாரம் யாங்கோனுக்கே வந்துவிடுவோம். வெயிலும் வேர்வையும் இங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரே ஒரு தரம் அந்தக் குளிருக்குள் போய்வர வேண்டியிருக்கும். சால்வையை ரொம்பத் தூரத்தில் வைத்துவிடாதீர்கள், அம்மா.

ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது

தம்பியின் கடை மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் பாதைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு அறைகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கிய கடை. ஐந்து வரிசை அலமாரி, வாசலில் அடுக்கிய கைக்கூடைகள், ஒரு கண்ணாடிக் குளிர்பெட்டி. இவ்வளவுதான். ஆனால் பலகையில் 'சூப்பர் மார்க்கெட்' என்று போட்டிருப்பான். கேட்டால், "ஆளு தானே எடுத்துக்கிட்டு வந்து காசு கொடுத்தா அது சூப்பர் மார்க்கெட்தான்" என்பான். வாதத்தில் குற்றமில்லை.

கடைக்கு மேலே ஏழு மாடி. லிஃப்ட் கிடையாது. படிகள் ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டு முன்மாடத்திலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கயிற்று நுனியில் கிளிப்போ கூடையோ இருக்கும், கூடவே ஒரு மணி. மேலே இருப்பவர்கள் சீட்டு எழுதி இறக்குவார்கள், மணியை ஆட்டுவார்கள். கீழே சாமானை வைத்ததும் கயிறு மேலே போகும். இந்த நகரத்தில் இது யாருக்கும் அதிசயம் இல்லை. எனக்கும் இருபத்தைந்து வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து பார்த்தபோதுதான் அதிசயமாகப் பட்டது.

கயிறுகளுக்கு ராணி ரஹீமா. பதினைந்து வருஷமாகக் கடையில் இருக்கிறாள். இவள் கொள்ளுத்தாத்தா கீழக்கரைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அதைச் சொல்லித்தான் எல்லாரிடமும் பேச்சை ஆரம்பிப்பாள். மணிச் சத்தத்தை வைத்தே எந்த மாடி, எந்த வீடு என்று சொல்லிவிடுவாள். முட்டை எப்போதும் மேலே, போத்தலைக் கழுத்தில் கட்ட வேண்டும், மழைக்காற்று அடித்தால் கூடை நாலாம் மாடிச் சன்னலில் மோதாமல் நின்று அனுப்ப வேண்டும் என்று அவளுக்கென்று ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. அவள் லீவு போட்ட ஒருநாள் நான் அந்த வேலையைப் பார்த்தேன். இரண்டாம் மாடிக்குப் போக வேண்டிய ஊறுகாய் ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டது. அவர்கள் திருப்பித் தரவில்லை.

ஆறாம் மாடிக் கயிறு டாவ் மியாவுடையது. 'டாவ்' என்பது வயதான பெண்களைப் பர்மியர்கள் மரியாதையாக அழைக்கும் சொல். இந்த அம்மாவுக்கு அது கொஞ்சம் குறைச்சல்தான், ராணுவத் தளபதிக்குரிய குரல் அவருக்கு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். இரண்டு முழங்காலும் போய்விட்டன. கடைசியாக எப்போது தெருவில் கால் வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. ஆனால் தன் வீடு, தன் அடுப்பு, தன் முன்மாடத்தில் இரண்டு தொட்டிச் செடி என்று சந்தோஷமாக இருந்தார். கீழே கடையும் நடுவில் கயிறும் இருக்கும்வரை அவருக்கு யார் தயவும் தேவைப்படவில்லை.

சங்கிலிக்காரர்கள்

தம்பி கடையை விற்க முடிவு செய்ததில் எனக்குக் கோபம் இல்லை. கரண்ட் எப்போது வரும் போகும் என்று அட்டவணை பார்த்துக் குளிர்பெட்டியை நடத்த வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைய வேண்டும். சரக்கு இன்று வரும், நாளை வராது. அவன் முதுகும் ஒத்துழைக்கவில்லை. நகரமெங்கும் சங்கிலி போலக் கிளை வைத்திருந்த அந்தக் கம்பெனி, வேலையாட்கள் ஒன்பது பேரையும் வைத்துக்கொள்வதாகவும், அவனையே மேலாளராக உட்காரவைப்பதாகவும் சொன்னது. வேறென்ன வேண்டும்?

மா தூஸா தலையைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். லபெயே வரவழைத்துக் கொடுத்தோம். பால் தேநீரின் சூடு உள்ளே இறங்கியதும் அவளும் சிரித்தாள். நல்ல பெண்தான். வரைபடத்தை மேசையில் விரித்தாள். அலமாரி எங்கே, குளிர்பெட்டி எங்கே, காசு வாங்கும் மேசை எங்கே என்று கலர் கலராகப் போட்டிருந்தது.

அவள் பர்மிய மொழியில் சொன்னதை நம் தமிழில் தருகிறேன். "வாசலுக்கு மேலே இந்த மூலையிலேருந்து அந்த மூலை வரைக்கும் வெளிச்சப் பலகை வரும். ரெண்டு முழம் முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும். அதனால கயிறெல்லாம் திறப்பு விழாவுக்கு முன்னாடி மேலே இழுத்துடணும். இல்லேன்னா பலகையில சிக்கி ஒயரை அறுத்துடும்."

"அப்போ மேல இருக்கறவங்க?" என்று ரஹீமா கேட்டாள்.

"கீழே இறங்கி வரலாமே. உள்ளே ஏசி போடப் போறோம்."

ரஹீமா என்னைப் பார்த்தாள். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி வரைபடத்தைப் பார்த்தான்.

மறுநாள் ரஹீமா ஆறாம் மாடிக்குப் படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னாள். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. "கயிறு போனா அவங்களும் போகணுமாம் அக்கா. தாகேதாவுல தங்கச்சி மக வீடு இருக்காம். ரெண்டு ரூம்ல ஏழு பேரு. ஒரு மூலை காலி பண்ணித் தர்றேன்னு அந்தப் பொண்ணு எப்பவோ சொல்லிச்சாம். எப்படிக்கா அங்க இருப்பாங்க? இவங்க வாய்க்கு ஒரு நாள் தாங்குவாங்களா?"

தாகேதா ஒன்றும் சந்திர மண்டலம் இல்லை. பசுண்டாங் ஓடையைத் தாண்டினால் வந்துவிடும். நல்ல மனிதர்கள், உழைக்கிற ஜனங்கள். ஆனால் எழுபத்துமூன்று வயதில் சொந்த அடுப்பை விட்டுவிட்டு இன்னொருவர் வீட்டு மூலையில் போய்ப் படுப்பது என்றால் சும்மாவா? அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

மூன்று பலகை பார்த்தவள் நான்

வாசகி அம்மா, சால்வையை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னை இந்தத் தெருவில் 'லண்டன் அக்கா' என்பார்கள். லண்டனை நான் மொத்தம் நான்கு தடவை பார்த்திருப்பேன். நான் இருந்தது வட இங்கிலாந்தில், பஞ்சாலைகள் மூடிப்போன ஒரு மழை ஊரில். அங்கே ஒரே கட்டடத்தில், ஒரே காசு மேசையில் இருந்தபடியே மூன்று கம்பெனிக்கு வேலை பார்த்தேன். நான் மாறவில்லை. தலைக்கு மேலே பலகைதான் மாறியது.

என்னோடு ஷீலா என்று ஒரு மூத்தவள் வேலை பார்த்தாள். அவள் அம்மா காலத்துக் கதையெல்லாம் சொல்வாள். அப்போது மளிகைக் கடை என்றால் நீள மேசை, அதற்குப் பின்னால் வெள்ளை அங்கி போட்ட ஆள். வெண்ணெயைக் கட்டியிலிருந்து மரத் தட்டையால் வெட்டித் தட்டிக் கொடுப்பார்கள். சர்க்கரை நீலக் காகிதப் பையில். போர் முடிந்த பிறகு, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூடையைக் கையில் கொடுத்தபோது பெண்கள் பயந்தார்களாம். அலமாரியில் கைவைத்தால் திருடுகிற மாதிரி இருக்கிறதே என்று கூச்சம். பழகுவதற்குச் சில காலம் பிடித்ததாம்.

அப்புறம்தான் ஒருவரை ஒருவர் வாங்க ஆரம்பித்தார்கள். ஊருக்கொரு குடும்பக் கடையாக இருந்தவை பத்துக் கடைச் சங்கிலியாயின. பத்தை நூறு வாங்கியது, நூறை ஆயிரம் வாங்கியது. வடக்கே ஒரு குடும்பக் கடை தன்னைவிடப் பெரிய தெற்கத்திக் கடை ஒன்றை வாங்கிவிட்டு, சீரணமாகாமல் சில வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. கடல் கடந்து வந்த அமெரிக்கக் கம்பெனி ஒரு பெரிய சங்கிலியையே வாங்கியது. பிறகு அது கைமாறிப் பெட்ரோல் பங்கில் தொடங்கிய சகோதரர்களிடம் போனது. இரண்டு மிகப் பெரிய சங்கிலிகள் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் பார்த்தபோது அரசாங்கத்துப் போட்டி ஆணையம் குறுக்கே நின்று தாலியைப் பிடுங்கிவிட்டது. இதையெல்லாம் நாங்கள் சாப்பாட்டு அறையில் தினசரித் தாளில் படித்துவிட்டு, நம் தலை எப்போது உருளும் என்று பேசிக்கொள்வோம்.

நான் சேர்ந்த முதல் கம்பெனி மலிவு விலைக்காரர்கள். சாமான்களை அட்டைப் பெட்டியோடு அடுக்கிவிடுவார்கள், ஒன்றிலும் விலை ஒட்ட மாட்டார்கள். எல்லா விலையும் காசு மேசைப் பெண்களுக்கு மனப்பாடம். நம்புங்கள், நான் தூக்கத்தில் பட்டாணி டப்பா விலை சொல்லி என் வீட்டுக்காரரை எழுப்பியிருக்கிறேன். அவர்களை வேறு தெற்கத்திக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தெற்கத்திக்காரர்களைப் பிறகு கூட்டுறவுச் சங்கம் ஒன்று வாங்கியது. ஒவ்வொரு தரமும் சட்டை நிறம் மாறும், பை மாறும், வாசலில் சிரிக்க வேண்டிய அளவு மாறும். ஊர் ஜனங்கள் மட்டும் கடைசிவரை முதல் பெயரையேதான் சொன்னார்கள்.

சொல்ல வந்தது இதுவல்ல. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி இருந்தது. ஹாரி என்று ஒரு கிழவர் தினமும் வருவார். சின்ன ரொட்டி ஒன்று, சூப் டப்பா ஒன்று. பிறகு அந்த நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் மழையைப் பற்றிப் புகார் சொல்வார். அன்றைக்கு அவர் மனிதரோடு பேசுவது அவ்வளவுதான்.

மூன்றாவது பலகை வந்தபோது வரைபடமும் வந்தது. அதில் நாற்காலி இல்லை. புது மேலாளர் எங்களை வரிசையாக நிறுத்தி, "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார். எனக்கு இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. சட்டையின் புதுப் பொத்தானைத் திருகிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறென்ன?

ஹாரி ஒருமுறை வந்தார். நாற்காலி இருந்த இடத்தில் சாக்லேட் தட்டு நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு வெளியே போனார். அப்புறம் வரவில்லை. வேறு கடைக்குப் போனாரா, என்ன ஆனார் என்று தெரியாது. என்னை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிற விஷயங்களில் இது முதல் வரிசை.

அதனால்தான், டாவ் மியா சமாசாரம் தெரிந்த அன்று மதியமே முடிவு செய்தேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கப் போவதில்லை.

மெத்தப் படித்தவளின் கோமாளித்தனம்

இங்கிலாந்தில் எதற்கும் மனு எழுதுவார்கள். தெருமுனையில் சாலை கடக்கும் கோடு வேண்டுமா, நூலகத்தை மூடாதே என்று சொல்ல வேண்டுமா, உடனே ஒரு தாள். பெயர், வீட்டு எண், கையெழுத்து. நூறு கையெழுத்து சேர்ந்தால் கொஞ்சம் அசைவார்கள். அங்கே நான் எழுதாமல் விட்ட மனுவை இங்கே எழுதிவிடுவது என்று கிளம்பினேன்.

அழகான பர்மிய எழுத்தில் எழுதவைத்தேன். 'கயிறுகள் எங்களுக்கு வேண்டும்.' கீழே கட்டம் கட்டமாகக் கோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு படியேறினேன்.

முதல் மாடியில் தேநீர் கொடுத்தார்கள். இரண்டாம் மாடியில் வாழைக்காய் பஜ்ஜி கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே குரலில், "கயிறு கட்டாயம் வேணும், லண்டன் அக்கா! நீங்கதான் பேசணும்!" என்றார்கள். நான் பையிலிருந்து தாளை எடுப்பேன். உடனே ஒருவருக்குக் கண்ணாடியைக் காணோம். ஒருவருக்குப் பேனா எழுதவில்லை. நான் பேனா நீட்டினால், வீட்டுக்காரர் வரட்டும் என்றார்கள். நாலாம் மாடியில் ஒருவர் தாளை இரண்டு விரலால் பிடித்து, சூடான சட்டியைத் தருவது போல் என்னிடமே திருப்பித் தந்தார்.

ஆறாம் மாடிக்கு வரும்போது எனக்கு மூச்சு வாங்கியது, கோபமும் வந்திருந்தது. டாவ் மியா தாளை வாங்கி முழுதும் படித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ நல்ல பொண்ணு. படிச்சவ. ஆனா மண்டையில ஒண்ணும் இல்லை," என்றார். "பேரு, வீட்டு நம்பர், கையெழுத்து. மூணையும் ஒரே தாள்ல எழுதி யாரு கையிலயோ குடுக்க இந்த ஊர்ல எவ வருவா? நாளைக்கு அந்தத் தாளு எங்கே போகும்னு உனக்குத் தெரியுமா?"

"இது கயிறு சம்பந்தப்பட்டதுதானே, அம்மா!"

"இன்னைக்குக் கயிறு," என்றார். "நானே போட மாட்டேன். உக்காரு, தண்ணி குடி."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. இந்த ஊரில் பிறந்து இருபத்தெட்டு வருஷம் வளர்ந்தவள் நான். இது தெரியாமல் போனதே! கடைசியில் அந்தத் தாளில் இரண்டே பெயர்கள். என்னுடையது, ரஹீமாவுடையது. அதைத்தான் மா தூஸாவிடம் நீட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. "எங்க வீடு லத்தாவுல அஞ்சாம் மாடி, ஆன்டி. எங்க அம்மாவும் கயிறு விடறவங்கதான்," என்றாள். "ஆபீஸ்ல ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். பலகை எல்லாக் கிளையிலயும் ஒரே அளவாம். முடியாதுன்னுட்டாங்க. என் கையில எதுவும் இல்லை."

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒவ்வொன்றாகக் கயிறுகள் மேலே போயின. ரஹீமா ஒவ்வொரு மணியும் கடைசியாக அடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டேன்.

திறப்பு நாள்

மழை ஓய்ந்த மாதம். வாசலில் பூ வளையங்கள், சிவப்பு ரிப்பன். புதுப் பலகை கண்ணைப் பறித்தது. உள்ளே எல்லாம் பளபளவென்று இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. தம்பி புதுச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்றான். என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

கம்பெனி முதலாளி நேரில் வந்தார். லத்தாவில் தெருவோரம் சாக்கு விரித்துப் பூண்டு விற்றுத் தொடங்கிய சீனக் குடும்பத்து மனிதர். இப்போது எண்ண முடியாத கிளைகள். ஆனால் நல்ல நேரம் பார்க்காமல் ரிப்பன் வெட்ட மாட்டார் என்று மா தூஸா சொல்லியிருந்தாள். சரியான நிமிஷத்தில் வெட்டினார். கைதட்டினோம்.

முதல் வாடிக்கையாளர் யார் என்பதையும் அவர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல ராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒரு நகைக்கடை அம்மா. தள்ளுவண்டி நிறையச் சாமானோடு காசு மேசைக்கு வந்து, போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றார்.

போணி நமக்கு எவ்வளவு முக்கியமோ, இங்கே எல்லாருக்கும் அவ்வளவு முக்கியம். பர்மியர்கள் அதை 'ஸேயூ' என்பார்கள். காலையில் வருகிற முதல் ஆளை எந்த வியாபாரியும் வெறுங்கையோடு திருப்ப மாட்டான், விலை குறைத்துக் கேட்டாலும் கொடுத்துவிடுவான். அந்த முதல் நோட்டால் கடையில் இருக்கிற சாமான்களையெல்லாம் ஒரு தட்டு தட்டுவான். அன்றைய போணிக்கே அப்படி என்றால் புதுக் கடையின் முதல் போணி எப்படி இருக்கும்!

நகைக்கடை அம்மா சிரித்துக்கொண்டு நின்றார். மேசைப் பெண் முதல் பொருளை எடுத்தாள். கரண்ட் போனது.

ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. விளக்கு வந்தது. ஆனால் பில் போடும் கம்ப்யூட்டர் திரை மட்டும் முழுக் கறுப்பு. ஒருவன் ஒயரை ஆட்டினான், ஒருவன் பெட்டியைத் தட்டினான். "ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்" என்றார்கள். நகைக்கடை அம்மாவின் சிரிப்பு மெல்ல உதிர்ந்தது. முதலாளியின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

அப்போதுதான் வாசலில் மணி கேட்டது.

எல்லாரும் திரும்பினோம். புதுப் பலகையின் விளிம்பை உரசிக்கொண்டு ஒரு கூடை இறங்கி, வெட்டிய ரிப்பனுக்கு நேராக, நெஞ்சு உயரத்தில் தொங்கி ஆடியது.

ரஹீமா ஓடிப்போய்ச் சீட்டைப் பிரித்தாள். "சோப்பு ஒண்ணு," என்று கடை முழுக்கக் கேட்கும்படி படித்தாள். "காசும் வச்சிருக்காங்க."

மா தூஸா என் காதில், "ஆன்டி, சீக்கிரம் மேலே இழுக்கச் சொல்லுங்க, முதலாளி பார்க்கிறார்," என்று பதறினாள்.

முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கறுப்புத் திரையைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். மறுபடியும் திரை. அவர் கையை உயர்த்தினார்.

"யாரும் கூடையைத் தொடாதீங்க," என்றார்.

தானே நடந்துபோய், கோபுரமாக அடுக்கியிருந்த சோப்பில் உச்சியிலிருந்து ஒன்றை எடுத்தார். தானே கூடையில் வைத்தார். கசங்கிய நோட்டை இரண்டு கையாலும் எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு அந்தப் பெரிய மனிதர், கோட்டும் பளபளக்கும் செருப்புமாக, "ஸேயூ, ஸேயூ" என்று சொல்லிக்கொண்டே அரிசி மூட்டை, பால் டப்பா, பிஸ்கெட், குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றையும் அந்த நோட்டால் தட்டிக்கொண்டு போனார். பூண்டு மூட்டை அருகே கூடுதலாக இரண்டு தட்டு. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். இந்தத் தடவை யாரும் சொல்லிக் கொடுக்காமல் தட்டினோம்.

கம்ப்யூட்டர் அப்புறம்தான் உயிர்பெற்றது. நகைக்கடை அம்மாவுக்கு இரண்டாம் இடம். பாவம், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மா தூஸா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அந்தக் கயிறு... பலகை ஒயர்ல உரசுது. எடுத்துடச் சொல்லட்டுமா?"

முதலாளி அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். "போணி வந்த வழியை அடைக்கச் சொல்றியா? நல்லாப் படிச்சே போ! பலகையை வெட்டு. கயிறு எங்கெங்கே வருதோ அங்கெல்லாம் வெட்டு."

"எல்லாக் கிளையிலயும் ஒரே அளவுன்னு..."

"இந்தக் கிளையில இந்த அளவு," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

மா தூஸா வரைபடத்தை எடுத்து, பேனாவால் பலகையில் கட்டம் கட்டமாக வெட்டுக் குறி போட்டாள். அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. மூன்று பலகைக்குக் கீழே வேலை பார்த்தவள் நான், மேலேயிருந்து வந்த வரைபடத்தைக் கீழேயிருந்து ஒருவர் திருத்தியதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன், அதற்கென்ன!

பிறகு ரஹீமாவைத் தனியாக இழுத்தேன். "உண்மையைச் சொல்லு. நீதானே சொல்லிக் குடுத்தே?"

"நானா?" கண்ணை அகல விரித்தாள். "நான் ஒண்ணும் சொல்லலை அக்கா. திறப்பு எத்தனை மணிக்குன்னு டாவ் மியா கேட்டாங்க, சொன்னேன். ரிப்பன் வெட்டினதும் இவங்களுக்குப் போணி எப்பன்னு கேட்டாங்க, அதையும் சொன்னேன். கரண்டை நான் நிறுத்தல. அது அல்லாஹ் செஞ்சது."

சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு மாடியிலிருந்தும் கயிறுகள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தன. பலகை வெட்டுகிறவன் ஏணியில் நின்றபடி, "கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

ஆறாம் மாடி மணி மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை சீட்டு நீளமாக இருந்தது. ரஹீமா படித்தாள். "கறிச்சட்டி ஒண்ணு, மூடியோட. சோத்துப் பானை ஒண்ணு. கரண்டி ரெண்டு. பீங்கான் தட்டு ஒண்ணு."

"ஏன், இதெல்லாம் அவங்ககிட்ட இல்லையா?" என்றேன்.

"எல்லாத்தையும் போன வாரமே மூட்டை கட்டித் தாகேதாவுக்கு அனுப்பிட்டாங்க அக்கா," என்றாள் ரஹீமா. சட்டியை எடுத்து, மூடி விழாமல் நூலால் இறுக்கிக் கட்டிக் கூடையில் வைத்தாள்.

மேலே அண்ணாந்து பார்த்தேன். டாவ் மியா முன்மாடக் கம்பியைப் பிடித்தபடி குனிந்து நின்றார்.

"ரஹீமா!" என்று தெருவே கேட்கக் கத்தினார். "சட்டி கொஞ்சம் பெருசாவே பார்த்து வை! இனிமே இங்கதானே சமைக்கப் போறேன்!"